ஒக்தாவ் வீட்டு நீலக் கதவுகள்

மார்ச் 3

ராத்திரி சாத்திய எதிர்வீட்டு ஜன்னல்களின் மர வெளிக்கதவுகள் வழக்கம்போல் விடிந்ததும் திறந்தன. நானும் என்னுடையதைத் திறந்தேன். எனக்கும் தம்பி ஒக்தாவுக்கும் மிச்சமிருக்கிற உறவு அவ்வளவுதான். நடுவில் ஒரு டிராக்டர் போகிற அளவுத் தெரு. பேச்சு நின்று ஒன்பது வருடம்.

அப்பாவை அடக்கம் செய்த அதே வாரம், அவர் வீட்டு ஜன்னல்களின் சிவப்புக் கதவுகளுக்கு நீலம் அடித்தான். எங்கள் ஊரில் துக்க வீட்டில் ஜன்னல் கதவைச் சாத்தி வைப்பார்கள். இவன் ஏணி போட்டு ஏறினான். "அப்பா உடம்பு சூடு ஆறல, அதுக்குள்ள வீடு உன்னுதாயிடுச்சாடா?" என்று தெருவில் நின்று கத்தினேன். அவன் திரும்பவே இல்லை. நீலம் அழகாகத்தான் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் நின்று போட்டோ எடுக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மார்ச் 9

மேயர் வந்தார். அழகான கிராமப் போட்டியாம். தெரு முழுக்க ஒரே சாம்பல் பச்சை வேண்டுமாம், நீலம் கூடாதாம். எனக்கு ரொம்ப சந்தோஷம். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

மார்ச் 12

வர்ணக்காரன் ஜில்தாஸ் ஒக்தாவ் வீட்டு ஜன்னல் கதவுகளைக் கழற்றி வண்டியில் ஏற்றிப் போனான். அந்த வீட்டைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

மார்ச் 14

மழை.

மார்ச் 15

என் கதவுகளை அளக்க ஜில்தாஸ் வந்தான். காப்பி கொடுத்தேன்.

"உங்க தம்பி கதவச் சுரண்டவே மனசு வரலக்கா. உங்கப்பா ஆசையா எங்கப்பாகிட்ட கலக்கச் சொன்ன நீலமாச்சே."

"எங்கப்பாவா?"

"ஆமா, படுக்கையில விழறதுக்கு முன்னாடி. சிவப்பு அலுத்துப்போச்சு, ஈஸ்டருக்குள்ள அடிச்சிடணும்னாராம். அப்புறம் ஒக்தாவ்தான் வந்து டப்பாவ எடுத்துட்டுப் போனாரு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. ஏன்டா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா... நான் கேட்டேனா? கத்தத்தானே செஞ்சேன்.

போக வேண்டும். வாசலில் நின்று என்னவென்று ஆரம்பிப்பது? எதிரே சமையலறை விளக்கு எரிகிறது. நாளைக்குப் போகலாம்.

மார்ச் 16

தலை வாரி, கோட் மாட்டி, மறுபடி கழற்றி வைத்தேன். விளக்கு எரிகிறது. அங்கேதானே இருக்கிறான், எங்கே போய்விடப் போகிறான்?

மார்ச் 17

ரொட்டி வண்டிக்காரர் வாசலில் மாட்டிவிட்டுப் போன பையை எடுக்க வெளியே வந்தேன். எதிர்வீட்டுக் கைப்பிடியில் இரண்டு பைகள். நேற்றைய ரொட்டியும் ராத்திரி பெய்த மழையில் ஊறித் தொங்குகிறது. பட்டப்பகலில் விளக்கு.

சமையலறைத் தரையில் கிடந்தான். மூச்சு இருந்தது.

கதவுகள் இருந்திருந்தால் ராத்திரி சாத்தியிருப்பான். நேற்றுக் காலையில் அவை திறக்காமல் இருந்திருந்தால் சண்டையாவது ஒன்றாவது, ஓடியிருப்பேன். திறக்காத ஜன்னலை எங்கள் தெருவில் யாரும் சும்மா விடமாட்டோம். நான் விளக்கைப் பார்த்து ஏமாந்தேன். கடவுளே, ஒரு பகல் முழுக்க அங்கே கிடந்திருக்கிறான், நான் இங்கே தலை வாரிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 20

பக்கவாதம். வலது பக்கம் முழுக்க. பேச்சு வருமா என்று கேட்டேன். டாக்டர், "பாப்போம்மா" என்றார்.

ஏப்ரல் 6

சாம்பல் பச்சைக் கதவுகளை மாட்டியாயிற்று. மேயர் கைதட்டினார். நான் உள்ளே போய்விட்டேன்.

ஏப்ரல் 11

இன்று ஆஸ்பத்திரியில் ஒக்தாவ் நன்றாக விழித்திருந்தான். நர்ஸ் போகும்வரை காத்திருந்து கேட்டேன். "அப்பா வாங்கின நீலம்னு ஏன்டா என்கிட்ட சொல்லல?"

கோணிய வாயால் ஏதோ சொன்னான். குனிந்து காதைக் கொடுத்தேன். மறுபடி சொன்னான். மூன்றாவது தடவை நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. ஒரு எழுத்துகூட எனக்குப் பிடிபடவில்லை.

"புரியுதுடா. புரியுது" என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. கண்ணை மூடிக்கொண்டான்.