மழைச் சத்தத்தில் கேட்கவில்லை

சிஞ்ச்வட், புணே
14.7.1997

அன்புள்ள சரசாவுக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. அண்ணா வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, நனைந்துகொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். போனால் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். முதுகெலும்பு சேர்ந்தாலும் இனி விமானம் ஓட்ட முடியாதாம்.

அது போதாதென்று, குவார்ட்டர்ஸில் காய்கறி வண்டியருகே நின்றுகூட "வாசுதேவன் சாப் கீ கல்தி" என்று பேசுகிறார்களாம். எல்லாம் என் வீட்டுக்காரர் தப்பு! அந்த மழையில் விமானம் ஓடுபாதையைத் தாண்டிச் சேற்றில் மோதியதற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணமா?

பக்கத்து இருக்கையில் இருந்த உன் கணவர், "இறங்க வேண்டாம், மறுபடி மேலே போய்விடலாம்" என்று இரண்டு முறை எச்சரித்ததாக விசாரணையில் சொல்லப் போகிறாராம். எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்! "மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது" என்று கூடவே ஒரு வார்த்தை சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? நீ சொன்னால் ஸ்ரீவத்சன் கேட்பார்.

ப்ரியம்வதா


விமானப்படைக் குடியிருப்பு, புணே
19.7.1997

அன்புள்ள அக்காவுக்கு, சரசா எழுதுவது.

உங்கள் கடிதத்தால் எங்களுக்குள் பெரிய சண்டை. நான் உங்கள் பக்கம்தான் பேசினேன், நம்புங்கள். என் பிரசவத்துக்குக் கூட இருந்தவர் நீங்கள்தானே.

அவர் கேட்டார்: "அக்காவுக்காக நான் பொய் சொல்லிடலாம். பின்னாடி உட்கார்ந்துண்டு வந்த ஜவான் லூர்துசாமிக்குக் கால் போயிடுத்தே, அவர்கிட்டயும் போய் மழைன்னு சொல்லட்டுமா?"

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இன்னொன்று. அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை என்று எல்லோரிடமும் சொல்கிறீர்களாம். இரண்டு தடவை வந்தார். வார்டு வாசலிலேயே திருப்பி அனுப்பியது நீங்கள்தான். அவர் நெற்றியிலும் தையல் இருந்தது, அக்கா. அதை நீங்கள் கேட்கக்கூட இல்லை.

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

உங்கள்
சரசா


சிஞ்ச்வட்
26.7.1997

சரசா,

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஸ்ரீவத்சன் மேல் இவருக்கும் கோபம் வரட்டும் என்றுதான் படித்தேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அவன் சொன்னான். ரெண்டு தடவையும் எனக்கு நன்னாக் கேட்டுது. இறக்கிடலாம்னு நெனச்சேன். விசாரணைக்கு வந்தவாகிட்ட முதல் நாளே எழுதிக் குடுத்துட்டேன்" என்றார்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

"நீ ஒருத்திதான் எனக்காகச் சண்டை போட்டுண்டிருந்தே. அதையும் விட்டுடுவியோன்னு பயமா இருந்தது."

படுத்துக் கிடக்கும் மனிதரை என்ன செய்வது, சொல். அடிக்கவும் முடியவில்லை, அணைத்துக்கொள்ளவும் முடியவில்லை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றேன். இரண்டு பஸ்களை விட்டுவிட்டேன்.

ஸ்ரீவத்சனை வரச் சொல். இவர் பார்க்க வேண்டும் என்கிறார். சாயங்காலமாக வரட்டும், அப்போது நான் இருக்க மாட்டேன். நீ மட்டும் இப்போதைக்கு வராதே, சரசா. உன் முகத்தைப் பார்த்து என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை.

அவர் நெற்றித் தையலைப் பிரித்துவிட்டார்களா?

ப்ரியம்வதா