அடுப்படியில் வைத்த ரத்தம்

1978, மார்கழி. வியாழன் இரவு.

இன்று டாக்டரோடு மல்லுக்கட்டி ஜெயித்துவிட்டேன். தூக்கம் வரவில்லை.

மாரடைப்பு வந்து எங்கள் ஆஸ்பத்திரியில் கிடக்கும் வடகவுஞ்சி கிராமத்து முத்தையாவுக்கு, காலையில் நான் லேபில் பார்த்த ஈ.எஸ்.ஆர். (ரத்த அணுக்கள் குழாயில் கீழே படியும் வேகம்) முதன்முறையாகக் குறைந்திருந்தது. குழாயில் ரத்தம் வேகமாக இறங்கினால் உள்ளே இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம். இது மெதுவாக இறங்கியிருந்தது. இனி அவரை எழுந்து நடக்க விடலாம் என்று டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

டாக்டர் நம்பவில்லை. "இந்தக் கொடைக்கானல் குளிர்ல யார் ரத்தமும் மெதுவாத்தாம்மா இறங்கும். அவர் படுத்தே கெடக்கட்டும்."

அதுவும் நியாயம்தான். லேபில் என் விரலே விறைத்துக் கிடந்தது. ஆனாலும் விட மனசில்லை. மறுபடி ரத்தம் எடுத்து, குழாயை ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிச் சமையலறைக்குப் போனேன். அந்த வெக்கையில் ரத்தம் வேகமாக இறங்கத்தான் பார்க்கும். அங்கேயும் மெதுவாகவே இறங்கினால் யார் என்ன சொல்ல முடியும்?

சமையல்கார மரியம்மா கத்தினாள். "சோத்துப் பானைக்குப் பக்கத்துல ரத்தத்த வைக்கிறீங்களே, நல்லாருக்கா?"

ஒரு மணி நேரம் ஏச்சு வாங்கிக்கொண்டே காவல் நின்றேன். காலையில் இருந்த அதே அளவுதான்!

டாக்டர் குழாயை இரண்டு தரம் பார்த்தார். நேராக வார்டுக்குப் போய், "மெதுவா எந்திரிச்சு நில்லுங்க, முத்தையா" என்றார்.

முத்தையா ஜன்னல் வரை நடந்தார். "வெரசா அனுப்புங்கய்யா, பூண்டுக்காட்டுல சோலி கெடக்கு." காட்டு மேட்டில் ஏறும்போது அந்த நெஞ்சு என்ன சொல்லுமோ. அதைக் குழாய் சொல்லாது.

கஞ்சியோடு வந்த மரியம்மா, நிற்கிறவரைப் பார்த்து வார்டுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"எங்க அடுப்படிதான் இவர பாஸ் பண்ணுச்சு!"