கூடத்துக் கடல்

பிப்ரவரி 9, திங்கள்

தொட்டி வந்துவிட்டது. மூன்றடிக் கண்ணாடி. நாலு பேர் மாடிப்படியில் தூக்கி வந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே பின்னால் ஏறினேன். தூக்கியவர்களில் ஒருவர், "அம்மா, சத்தமாச் சொல்லுங்க, எங்க முதுகுக்கும் சேர்த்து" என்றார்.

இவர் கூடத்தில் நின்று பார்த்தார். அவ்வளவுதான். ஆனால் நின்றார்! வேலை பார்த்த ஆலை மூடியதிலிருந்து ஜன்னலோர நாற்காலியே கதியென்று கிடக்கிற மனிதர். ஆலைப் பம்புகளையெல்லாம் காது வைத்துக் கேட்டே நோய் சொன்னவர், இப்போது வீட்டுக் குழாய் சொட்டினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. போன மாதம் பல் டாக்டரின் கூடத்தில் ஒரு கடல்மீன் தொட்டி முன்னால் நின்று, அங்கிருந்த பெண்ணிடம், "இந்தப் பம்பு எங்க வாங்கினது?" என்று கேட்டார். இவராக ஒருவரிடம் வாய் திறந்து கேட்டு எவ்வளவு காலமாகியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் வரவு செலவு நோட்டில் புதுத் தலைப்பு போட்டேன். பால், மளிகை, மின்சாரம், கடல்.

மகள் போனில் சிரிக்கிறாள். "ஏம்மா, ஒரு குட்டி மீன்கூட வளர்த்ததில்ல. எடுத்ததுமே கடலா?"

ஆமாம்டி. எடுத்ததுமே கடல்தான். சின்னதுக்கு இவர் எழுந்து வர மாட்டார்.

பிப்ரவரி 12, வியாழன்

ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியிலிருந்து குரல்: "இடது பக்கம் ஒரு நூல் இறங்குது." பார்த்தால், இறங்கித்தான் இருந்தது.

கீழ்வீட்டம்மா படியேறி வந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, உங்க கடல் என் தலையில இறங்கிடாதே?"

"இறங்கினா மீன் உங்களுக்கு" என்றார் இவர்.

நான் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

உப்புப்பொடி கலந்தோம். மேல்கை வரை நனைந்துவிட்டது. பாறைகளைக் குகை மாதிரி அடுக்கினோம் — இரண்டு முறை சரிந்தது. பரணிலிருந்த பழைய பம்பு ஒன்றை இவர் இறக்கி, பிரித்துத் துடைத்து, வேறு அச்சு போட்டு ஓட விட்டார். "கேளு, சத்தமே இல்ல பாரு" என்றார். சத்தமே இல்லாததை எப்படிக் கேட்பது? கேட்டேன்.

தொட்டி விற்ற கடைக்காரர் சொன்னதையும் நானாகப் படித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன், மறந்துவிடும். தண்ணீர் தினமும் காற்றில் குறையும். குறைவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் குறைந்த அளவுக்கு வெறும் ஃபில்டர் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

பம்பு இவர் பொறுப்பு. தண்ணீர் நிரப்புவது என் பொறுப்பு.

பிப்ரவரி 26, வியாழன்

ஒன்றும் நடக்கவில்லை. பாறை, தண்ணீர், விளக்கு. மீனே இல்லாத தொட்டிக்கு எதிரில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறோம், பஸ் வராத நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரி.

கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பாறையில் குடியேற வேண்டுமாம். அவை வந்து அம்மோனியா விஷத்தைத் தின்று தீர்த்த பிறகுதான் உயிர் எதையும் விடலாமாம். சோதனைக் குப்பியில் சொட்டு விட்டால் மஞ்சள் வர வேண்டும். எனக்கு வருவது பச்சை. நேற்றும் பச்சை, இன்றும் பச்சை.

"என்ன கலர்?" என்று இவர் கேட்பதே இன்று கொஞ்சம் மெதுவாக இருந்தது. நாளைக்குக் கேட்காமல் விட்டுவிட்டால்? அந்த நாற்காலியை எடுத்து ஒளித்துவைக்கவா முடியும்?

மார்ச் 1, ஞாயிறு

காலையில் விளக்கேற்றும்போது தோன்றியது. இத்தனை நாள் தண்ணீரை வெறும் வாளியிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேனே! சாமி அலமாரியிலிருக்கும் சின்ன செம்புக் குடத்தை நன்றாகத் தேய்த்து, ஃபில்டர் தண்ணீர் பிடித்து, சாமி முன்னால் வைத்தேன். இரவெல்லாம் அங்கேயே இருக்கட்டும். காலையில் வேண்டிக்கொண்டு, வாளித் தண்ணீரோடு சேர்த்துத் தொட்டியில் விட்டுவிட வேண்டியது. இனி தினமும் இப்படித்தான்.

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார். சிரிக்காவிட்டால் அது இன்னும் கஷ்டம்.

மார்ச் 9, திங்கள்

மஞ்சள்! மஞ்சள்! மூன்று தடவை சோதித்தேன்.

நீயே துணை.

மார்ச் 21, சனி

நத்தைகளும் ஒரு கோமாளி மீனும் வந்தன. மீன் வந்ததும் குகைக்குள் போய்த் தலையை மட்டும் நீட்டி எல்லோரையும் முறைக்கிறது. இவர் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்துவிட்டார். "சாப்பாடு வந்தாத்தான் வெளியே வருவாரு, பாத்துக்கிட்டே இரு." கண்ணாடியில் படிந்திருந்த பழுப்புத் தூசியை நத்தைகள் கோடு கோடாக மேய்கின்றன, நான் தரை துடைப்பதைவிடச் சுத்தமாக.

மார்ச் 29, ஞாயிறு

ஒரு இறால். சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு, ஆளைவிட நீளமான மீசை. அது மாப்பிள்ளையின் செதிலில் ஒட்டியிருப்பதைப் பொறுக்கித் தின்ன, அவர் கண்ணை உருட்டிக்கொண்டு அசையாமல் காட்டிக்கொண்டிருக்கிறார். "முடிதிருத்தும் நிலையம் திறந்தாச்சு" என்றார் இவர்.

பவளமும் வாங்கிவிட்டோம். கைவிரல் கொத்து மாதிரி, நுனியெல்லாம் பூப்பூவாக விரிந்து மூடி விரிந்து மூடி… இவர் பசை வைத்துப் பாறையில் ஒட்டினார். கை நடுங்கவே இல்லை. ஒட்டி முடித்து நிமிர்ந்தவர், "காபி போடு, பசிக்குது" என்றார். பசிக்கிறதாம்!

மகளை போனில் கூப்பிட்டு இதை மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

இரண்டு நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழுந்து மல்லாந்து கிடந்தன. நிமிர்த்தி வைத்தேன். மறுபடி விழுந்தன.

ஏப்ரல் 6, திங்கள்

நத்தைகளில் பாதி போய்விட்டன. பவளம் மூடிக்கொண்டு சுருங்கி நிற்கிறது. எல்லாச் சோதனையும் செய்தாயிற்று. உப்பு சரி, சூடு சரி, அம்மோனியா மஞ்சள். எல்லாம் சரியாக இருந்தால் ஏன் சாகிறது? மாப்பிள்ளை மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி உலாத்துகிறார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அரிசியில் இரண்டு தடவை உப்பு போட்டேன். இவர் பேசாமல் சாப்பிட்டார். 'கடலையே ஊத்திட்டியா' என்று சொல்லியிருக்கலாமே. சொல்லவில்லை.

நாளையிலிருந்து வாளி வேண்டாம். பெரிய செம்புக் குடம் இருக்கிறது. ஊற்றுவது முழுக்க சாமி முன்னால் வைத்த தண்ணீராகவே இருக்கட்டும்.

ஏப்ரல் 10, வெள்ளி

காலையில் பாறை இடுக்கில் இறாலின் மீசை மட்டும் ஆடியது. எடுத்துப் பார்த்தால் உயிர் இல்லை.

"என் பம்புதான்" என்றார் இவர். "பழைய அச்சு. உள்ள எங்கயோ துரு விடுது." பம்பைக் கழற்றினார், பிரித்தார், கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு திருகாகப் பார்த்தார். துரு இல்லை. இருந்தாலும் பரணில் போட்டுவிட்டார். கூடவே தன் கருவிப் பெட்டியையும்.

"அது எதுக்குங்க மேல?"

"என் கை பட்டா எது விளங்கியிருக்கு. ஆலையும் அப்படித்தானே போச்சு."

ஆலை கைமாறி, சரக்கு விலை போகாமல், மூடிப் போனது. அதில் இவர் கை எங்கே வந்தது? கேட்டேன். திரும்பி நடந்தார். நாற்காலி.

சாமி, உனக்குத் தினமும் வைக்கிறேனே.

ஏப்ரல் 19, ஞாயிறு

புதுப் பம்பு வாங்கி நானே மாட்டினேன். கோணலாக ஓடுகிறது, சத்தம் போடுகிறது. அது கோணல் என்று இவர் சொல்வார் என்று காத்திருந்தேன்.

ஏப்ரல் 22, புதன்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மாப்பிள்ளை மேல் நேற்று வெள்ளைப் புள்ளிகள். உப்பைத் தூவியது மாதிரி. நான் சொன்னதைக் கேட்டதும் கடைக்காரர் ஒரு மருந்து பாட்டிலைக் கொடுத்தார். எந்த மருந்தானாலும் முழுக்கப் படிக்காமல் நான் திறக்க மாட்டேன். மகளின் இருமல் மருந்திலிருந்தே அந்தப் பழக்கம். பொடி எழுத்து. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். 'செம்பு கலந்தது. மீனுக்கு மட்டும். பவளம், நத்தை, இறால் இருக்கும் தொட்டியில் ஊற்றக் கூடாது, இறந்துவிடும்.'

பவளம், நத்தை, இறால். மீன் மட்டும் பிழைக்கும்.

பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினேன். சாமி முன்னால் குடம் பளபளவென்று. அப்படித் தேய்த்திருந்தேன்.

கடைக்காரருக்கு போன் செய்தேன். "செம்புப் பாத்திரத்துல வச்ச தண்ணியா? அதுவும் ஃபில்டர் தண்ணியா? அதுதான்மா செம்பை நல்லா அரிக்கும். எதுக்கு அதுல போய்…" போனை வைத்தேன். தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஓடினேன். செம்பு இருக்கிறதா என்று சொட்டு விட்டுப் பார்த்தார். நிறம் மாறியது.

தண்ணீர் மட்டும்தான் போகும், மற்றது உள்ளேயே நிற்கும். நானேதான் எழுதி வைத்திருந்தேன். உப்புக்குத் தெரிந்தது செம்புக்குத் தெரியவில்லையே எனக்கு. கொஞ்சம் கொஞ்சமாக, தினமும், வேண்டிக்கொண்டு… நத்தை செத்ததும் பெரிய குடமாக மாற்றினேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அப்படியானால் அந்த மஞ்சள்? அது தானாகவே வந்ததா? தெரியவில்லை. சாமி மேல் கோபமா? அதுவும் தெரியவில்லை. அவரா ஊற்றச் சொன்னார்?

இவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு, சரியாகிவிட்டது என்று சொன்னால் என்ன? அப்படிச் சொன்னால் எனக்கு நிம்மதி. ஆனால் தன் கைதான் கொன்றது என்று அவர் உட்கார்ந்தேதான் இருப்பார்.

ஏப்ரல் 23, வியாழன்

சொல்லிவிட்டேன். காலைக் காபியைக் கொடுத்துவிட்டு, நின்றபடியே.

"உங்க பம்பு இல்லங்க. நான்தான். செம்புக் குடத்துல தண்ணி வச்சு ஊத்தினேன். செம்பு அதுங்களுக்கு விஷமாம்."

"எப்பலேருந்து?"

"அம்மோனியா இறங்காம இருந்துச்சே, அப்பலேருந்து."

முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டம்ளரை வைத்த சத்தத்தில் நானே துள்ளினேன்.

"நான் இங்க பம்பை அக்கு வேறா ஆணி வேறா பிரிச்சுப் போட்டு, இல்லாத துருவைத் தேடிக்கிட்டு உக்காந்திருக்கேன்! நீ பாட்டுக்குத் தினம் ஊத்திக்கிட்டு இருந்தியா? ஒரு வார்த்தை கேட்டியா என்னை?"

"நல்லதுக்குத்தானே…"

"நல்லதுக்கு ஊத்தினதுன்னு இறாலுக்குத் தெரியுமா? இருபது வருஷம் தண்ணியிலதான வேலை பார்த்தேன். எந்தக் குழாயை எதோட சேர்க்கலாம், சேர்க்கக் கூடாதுன்னு என்கிட்ட கேக்கக் கூடாதா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அந்தக் கடைசிக் கேள்வி வந்ததும் இரண்டு பேருமே நின்றுவிட்டோம்.

கதவு தட்டும் சத்தம். கீழ்வீட்டம்மா. "என்னங்க, ஏதாவது உடைஞ்சிடுச்சா?"

"இல்லம்மா" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "பேசிக்கிட்டிருக்கோம்."

அழுதேன்தான். ஆனால் இந்த மனிதர் கத்தி எத்தனை காலமாயிற்று. கத்தக் கத்த முகத்தில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே அழுதேன். பகலெல்லாம் என்னோடு பேசவில்லை. ஆனால் பேசாமல் இருப்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. இது கோபத்தில் பேசாமல் இருப்பது.

ஏப்ரல் 24, வெள்ளி

காலையில் அலமாரி முன்னால் வெறும் கையோடு நின்றேன். என்ன கேட்பதென்று தெரியவில்லை. நின்றுவிட்டு வந்தேன்.

கூடத்தில் ஏணி சாய்ந்திருந்தது. பரண் கதவு திறந்திருந்தது.

ஏப்ரல் 25, சனி

பாறையெல்லாம் செம்பை உறிஞ்சியிருக்குமாம், மெல்ல மெல்ல வெளியே விடுமாம். கடைக்காரரோடு அரை மணி வாதாடிவிட்டு இவரே முடிவு சொன்னார்: "எல்லாப் பாறையையும் எடுத்துடுவோம். தண்ணியையும் கொட்டிடுவோம். முதல்லேருந்து." பவளத்தைத் தொட்டுப் பார்த்தேன், கையோடு கரைந்து வந்தது. மாப்பிள்ளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், மருந்தோடு, தனி வீட்டில். அவருக்கு மட்டும் செம்பு நல்லதாம். எனக்குச் சிரிப்பு வந்தது.

நான் மாட்டிய பம்பைப் பார்த்து, "இதை மாட்டினது யாரு, கண்ணை மூடிக்கிட்டா?" என்றார்.

மே 10, ஞாயிறு

பச்சை.

"பச்சையாத்தான் இருக்கும். அவசரப்படாத" என்றார். அவசரப்படாமல் எப்படி இருப்பது? கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தே கால் வலிக்கிறது. நோட்டில் கடல் என்ற தலைப்புக்கு அடுத்த பக்கம் எடுக்க வேண்டியதாகிவிட்டது.

மே 17, ஞாயிறு

இன்னும் பச்சைதான். கொஞ்சம் வெளிறிய பச்சையோ? எனக்கே நம்பிக்கையில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் குப்பியை இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்துக்கொண்டு…

குளியலறையிலிருந்து கத்துகிறார். "எங்க போய்த் தொலைஞ்ச? உப்பு கலக்கணும்னு சொன்னேன்ல!"

"வரேன், வரேன்."

"வரேன் வரேன்னு எவ்வளவு நேரமா? வாளி வழியுது!"

வழியுதாம். போகிறேன்.