பெயர் எழுதாத பதியம்

இராமநாதபுரம்,
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

சத்யப்பிரியா எழுதிக்கொண்டது. நான் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறேன். உங்கள் சுகத்தைப் பற்றி நீங்கள் போனில் சொல்வதை நம்பிக்கொண்டிருக்கிறேன். அங்கே வெயில் நம் ஊரைவிடக் கொடுமை என்று சஃபீர் சொன்னார். மத்தியானத்தில் வெளிவேலை கிடையாது என்று நீங்கள் சொல்வது உண்மைதானா, இல்லை எனக்காகச் சொல்வதா?

கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நான் இந்தப் பேச்சை எடுத்தாலே உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். நான் வேலை பார்க்கும் நர்சரியின் முதலாளி தாஜுன்னிசா அக்காவுக்குத் தம்பிதானே சஃபீர். லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறார். கடிதத்தை உங்கள் கையில்தான் கொடுக்க வேண்டும், நீங்கள் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சரி என்று சிரித்தார். அவரைத் திட்டாதீர்கள்.

நம் மிளகாய்க் காட்டை உங்கள் அண்ணன் சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டதும், நீங்கள் அங்கிருந்தே கையெழுத்துப் போட்டு அனுப்பியதும் முடிந்துபோன கதை. மழை ஏமாற்றுகிறது, கிணற்றுத் தண்ணீர் உப்பு, வேறு என்னதான் செய்வது. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் கையெழுத்துப் போடும்போது கிணற்றடி மூலையில் நிற்கிற கொய்யா மரம் உங்கள் நினைவுக்கு வந்ததா, இல்லையா? வந்திருந்தால் எப்படிப் போட்டீர்கள்? வரவே இல்லை என்றால் அதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

நம் பிள்ளை அந்த மரத்தடியில் அல்லவா இருக்கிறாள். பெரியாஸ்பத்திரியில் நான் தையலோடு படுத்துக் கிடந்தேன். மூச்சு இருந்தவரை கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே இருந்தவளை ஒரு தடவைகூட மடியில் போட்டுப் பார்க்கவில்லை. நீங்கள் துண்டில் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனீர்கள். பச்சைப் பிள்ளையைத் தீயில் வைக்கக் கூடாது என்று நம் வழக்கப்படி காட்டிலேயே புதைத்தீர்கள். மேலே ஒரு கொய்யாக் கன்றை நட்டுவிட்டு, லீவு முடிந்ததென்று போய்விட்டீர்கள். நான் வீட்டுக்கு வந்தபோது எனக்குக் காட்டியது அந்தக் கன்றைத்தான். கிணற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று குடிக்கிற தண்ணீரைக் குடத்தில் சுமந்து ஊற்றி வளர்த்தேன். எனக்குத் தொட்டுப் பார்க்கக் கிடைத்தது அது ஒன்றுதான்.

ஆடியில் நல்ல காரியம் தொடங்க மாட்டார்களே, அதனால் கம்பெனிக்காரர்களின் பூஜையை ஆவணி முதல் முகூர்த்தத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். பூஜை முடிந்த கையோடு ஜேசிபி இறங்கும். அதற்குள் மரத்தை எப்படியாவது நர்சரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று வைகாசியிலிருந்தே அலைகிறேன்.

ஒரு பழத்து விதையைப் போட்டால் போதாதா என்று உங்கள் அண்ணன் கேட்டார். விதையில் முளைப்பது வேறு மரம் மச்சான். அந்த மண்ணைத் தின்று வளர்ந்த அதே உடம்பு வேண்டுமென்றால் கிளையிலேயே வேர்விட வைத்து எடுக்க வேண்டும். வேரோடு பெயர்த்துவிடலாமே என்று தாஜுன்னிசா அக்காவும் கேட்டார். அங்கே கடப்பாறை போட என்னால் ஆகாது என்றேன்.

விண்பதியம் என்று சொல்வோம், நர்சரியில் அன்றாடம் செய்கிற வேலைதான். பென்சில் பருமனுள்ள கிளையாகப் பார்த்து, ஒரு விரற்கடை அகலத்துக்குப் பட்டையை மோதிரம் மாதிரி உரித்து எடுக்க வேண்டும். உரித்த இடத்தில் வேர்ப் பவுடர் தடவி, நனைத்த தென்னைநார்த் தூளை உருண்டையாக வைத்துப் பாலிதீன் தாளால் சுற்றி இரண்டு முனையையும் இறுகக் கட்டிவிட வேண்டும். உள்ளே வேர் ஓடுவது தாள் வழியாகவே தெரியும். வெள்ளை வேர் பழுப்பாக மாறியதும் கீழே அறுத்து எடுத்தால் அது தனிச் செடி. மழைக்காலத்தில் போட்டால் தானாகப் பிடித்துக்கொள்ளும். எனக்கு மழைக்காலம் வரை பொறுக்க வழி ஏது?

வெட்டவெளியில் பாலிதீனுக்குள் எல்லாம் வெந்துவிடும் என்று ஒவ்வொரு உருண்டைக்கும் மேலே துணியும் சுற்றினேன். அதற்குப் பழஞ்சேலை ஒன்றைக் கிழித்தேன். எந்தச் சேலை என்று உங்களுக்குத் தெரியும். தூளி கட்டுவதற்கென்று அம்மா துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆக்கி வைத்திருந்த மஞ்சள் நூல்சேலை. இனி அதை எதற்கு மடித்து வைத்துக்கொண்டிருப்பது என்று கிழித்துவிட்டேன்.

அதில்தான் வினை வந்தது. பாதையில் போகிறவர்களுக்கு அது பதியம் என்று தெரியுமா? மரக்கிளையில் மஞ்சள் துணியில் சின்னச் சின்ன மூட்டை தொங்கினால், பிள்ளை வரம் கேட்டு நேர்ந்து கட்டிய தொட்டில் என்றுதானே நம் பெண்கள் நினைப்பார்கள்! அதுவும் கட்டியவள் நான். மூன்றாம் வீட்டுப் பூமயிலைத் தெரியுமல்லவா, கல்யாணமாகி இத்தனை காலமாகப் பிள்ளைக்கு ஏங்குகிறவள். முதலில் அவள்தான் ஒரு தொட்டில் கட்டியிருக்கிறாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர். பக்கத்து ஊரிலிருந்துகூட வந்திருக்கிறார்கள். தொட்டிலுக்குள் பிள்ளைக்கு அடையாளமாகக் கல் வைப்பார்களே, அந்தக் கல்லோடு கட்டியிருக்கிறார்கள். பட்டை உரித்த கிளைக்குக் கல்லைத் தாங்கத் தெம்பு இருக்குமா? போதாததற்கு ஆடிக் கச்சான் காற்று. ஒரு வாரமாக அந்தப் பக்கம் போக முடியாமல் நேற்று தண்ணீர் ஊற்றப் போனவள், என் பதியங்களில் பாதிக்கு மேல் முறிந்து, தரையில் காய்ந்து கிடப்பதைப் பார்த்தேன்.

பூமயில் வீட்டு வாசலில் போய் நின்று வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். அவள், நீங்க ஒங்களுக்குத்தான் நேந்து கட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்க்கா, நீங்களே கட்டுனா அது சத்தியமுள்ள மரமாத்தான் இருக்கும்னு நானும் கட்டிட்டேன் என்று அழுதாள். இன்னொருத்தி நேர்ந்து கட்டிய தொட்டிலை என் கையால் அவிழ்க்க மனம் வரவில்லை. அவளே வந்து ஒவ்வொன்றாக அவிழ்த்து, கிணற்றடி வேம்பில் கட்டிக் கொடுத்தாள்.

மிச்சம் நாலைந்து பதியங்கள் இருக்கின்றன. ஒன்றில் வெள்ளை வேர் மயிர் போல ஓடியிருக்கிறது. ஆடி முழுக்கக் கிடைத்தால் தேறிவிடும். நீங்கள் அண்ணனுக்கு ஒரே ஒரு போன் போட்டு, ஆவணி வரை அந்த மூலைக்கு யாரும் போக வேண்டாம் என்று சொன்னால் போதும். வேறொன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை.

மச்சான், மேலே எழுதியதற்கு இனி அர்த்தம் இல்லை. ஆனாலும் கிழிக்கவில்லை. அதையும் படியுங்கள்.

புதன்கிழமை காலை உங்கள் அண்ணன் வந்தார். வேம்பில் தொங்கிய தொட்டில்களையும் கொய்யாவில் இருந்த என் மஞ்சள் துணிகளையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஏத்தா, காட்டைக் கோயிலாக்கிப் போட்டியே, நாளைக்கு எவனாச்சும் சாமி மரம்னு கெளம்புனா கம்பெனிக்காரன் நம்ம எடத்துல கால வைப்பானா என்று கேட்டார். வேண்டுமென்றே செய்ததாக நினைக்கிறார். இது பதியம், தொட்டில் இல்லை என்று எத்தனை சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. ஆவணி வரைக்கும் விட்டா இன்னும் நூறு தொட்டிலு தொங்கும், நாளைக்கே மரத்த எடுத்துர்றேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உடனே உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் ஏதோ மேலே ஏறி வேலை செய்துகொண்டிருந்தீர்கள் போல, இரைச்சலாக இருந்தது. அண்ணன் சொல்றபடி கேளு சத்யா என்றீர்கள். அதோடு கட் ஆகிவிட்டது. நீங்கள் கட் பண்ணினீர்களா, தானாகவே ஆனதா என்று நான் கேட்கப் போவதில்லை.

வியாழக்கிழமை அறுவை மிஷின் வந்தது. அதற்கு முன்பே நானும் பூமயிலும் காட்டுக்குப் போய்விட்டோம். நனைத்த சாக்கும் ஒட்டுக்கத்தியும் கொண்டுபோயிருந்தேன். பழுப்பு ஏறாத வேரை அறுக்கக் கூடாது என்று புதுசாக வருகிற பெண்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன். நானே அறுத்தேன். ஒன்றில் வேரே இல்லை, உரித்த இடம் வீங்கித்தான் இருந்தது. அதையும் விட்டுவிட்டு வர மனமில்லாமல் எடுத்துக்கொண்டேன்.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மிஷினைப் போட்டதும் அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மரம் சாய்ந்ததும், அடித்தூரத் தோண்டாதீங்கய்யா, அது அப்படியே கெடக்கட்டும் என்று அறுவைக்காரரிடம் சொன்னார். அவருக்கும் தெரியாமல் இல்லை. ஆவணியில் ஜேசிபி வரும்போது அந்தத் தூரை என்ன செய்வார்கள் என்று அவரிடம் நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

ஷேர் ஆட்டோவில் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு நர்சரிக்கு வந்தேன். வழியெல்லாம் மேடு பள்ளம். அன்றைக்கு நீங்களும் இந்தப் பாதையில்தானே இப்படிப் போயிருப்பீர்கள் என்று நினைத்தேன் மச்சான். இத்தனை நாள் உங்கள் மேல் கோபமாகத்தான் இருந்தேன். மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பாதையில் வருவது எப்படி இருக்கும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. பூமயில் வழி முழுக்க என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

சனிக்கிழமை.

நாளைக்கு சஃபீர் கிளம்புகிறார். அதனால் இன்று முடித்துவிட வேண்டும்.

பதியங்களை மிஸ்ட் சேம்பரில் வைத்திருக்கிறேன். பாலிதீன் கூடாரம்தான், டைமர் வைத்துக் கொஞ்சத்துக்கு ஒரு தரம் புகை மாதிரி தண்ணீர் தெளிக்கும். வேர் பற்றாத செடிக்கு அதுதான் ஆஸ்பத்திரி. கண்ணாடிப் பெட்டி என்றே சொல்லலாம். இலைகளைப் பாதியாக நறுக்கிவிட்டேன். இருக்கிற துளி வேர் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. போர்வெல் தண்ணீரைத் தெளித்தால் உப்புப் பட்டு இலை ஓரம் கருகும். லாரித் தண்ணீரும் இந்த வாரம் வரவில்லை. அக்கா வீட்டில் குடிக்க வாங்கி வைத்த கேன்களைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். காற்றுக்குக் கரண்ட் போய்ப் போய் வருகிறது. கரண்ட் போகும்போதெல்லாம் கைத்தெளிப்பானோடு உள்ளே உட்கார்ந்துகொள்கிறேன். நேற்று ஒன்று இலை முழுதும் கொட்டிவிட்டது. இன்று காலை இன்னொன்று கறுத்துவிட்டது. வேர் இல்லாததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வெள்ளை வேர் ஓடியிருந்தது மட்டும் நிற்கிறது. நுனியில் இரண்டு இலை. பிழைக்குமா அக்கா என்று கேட்டேன். பெரிய பெரிய தோட்டத்துக்கெல்லாம் கன்று கொடுத்தவர், எனக்கு ஒரு பொய்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறார். அல்லாஹ் நாடுனா தழைக்கும், நீ தெளிக்கிறத நிறுத்தாத என்றார். நிறுத்தவில்லை. கை வீங்கியிருக்கிறது. அது ஒன்றுமில்லை.

நர்சரியில் எந்தச் செடியும் பெயர் இல்லாமல் உள்ளே இருக்கக் கூடாது. அது அக்காவின் சட்டம். வெள்ளைச் சீட்டில் பெயர் எழுதித் தொட்டியில் செருகுவோம். இந்தத் தொட்டிக்கும் ஒரு சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு, கொய்யான்னு எழுதிறாத என்று சொல்லிவிட்டுப் போனார். வெறும் சீட்டாகத்தான் செருகி வைத்திருக்கிறேன்.

அவள் பிறந்த அன்றைக்கு, பேர் நான் வச்சுட்டேன், காதுல மூணு தரம் சொல்லும்போது எல்லாரும் கேட்டுக்கங்க என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று உங்கள் அண்ணனிடமும் என் அம்மாவிடமும் சொன்னீர்களாமே. எத்தனை கெஞ்சியும் நீங்கள் சொல்லவில்லை என்று அம்மா இன்னும் சொல்வாள். பேர் விடுகிற நாள்தான் வரவில்லை. என்னிடமும் நீங்கள் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் உங்களுக்குத் தாங்காது என்று இருந்தேன். இப்போது கேட்காவிட்டால் எனக்குத் தாங்காது.

அந்தப் பெயர் எனக்கு வேண்டும் மச்சான். வாயால் சொல்ல முடியாவிட்டால் எழுதி அனுப்புங்கள். சஃபீர் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார், அவர் போனில் இருந்தே அனுப்பலாம். நீங்கள் வர வேண்டும், மரத்தைக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்றெல்லாம் இனி நான் பேச மாட்டேன். இது தழைத்தாலும் தழைக்கும், நீங்கள் படிக்கும்போதே கருகியிருந்தாலும் இருக்கும். எதுவானாலும் இன்னொரு தடவை பெயர் இல்லாமல் போக நான் விட மாட்டேன்.

உத்தரகோசமங்கை அம்மன் உங்களுக்குத் துணையிருக்கட்டும். வெயிலில் தலையில் துண்டில்லாமல் நிற்காதீர்கள். படித்ததும் உடனே சொல்லுங்கள். இலை இரண்டும் இன்னும் பச்சையாகத்தான் இருக்கின்றன.

உங்கள்
சத்யா