பிடுங்காமல் விட்ட கொடி

அக்கா,

இன்று காலை அரிக்கேன் விளக்குக்குச் சீமெண்ணெய் ஊற்றும்போது விரலில் கொஞ்சம் வழிந்துவிட்டது. துடைக்கத் துணி தேடாமல் அப்படியே மூக்கருகே கொண்டுபோனேன். உங்கள் கை வாசனை. நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. என்னை நினைக்க இந்த நாற்றம்தானா கிடைத்தது என்று கேட்பீர்கள். மல்லிகை, மஞ்சள் எதுவும் எனக்கு உங்களை ஞாபகப்படுத்துவதில்லை, என்ன செய்ய.

நாகரசம்பட்டியிலிருந்து கல்யாணமாகிப் பாகலூருக்கு வந்த வருஷம், மாநிலம் பிரிக்கையில் இந்த ஊர் சென்னைப் பக்கமா மைசூர்ப் பக்கமா என்று ஆண்கள் டீக்கடையில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரருக்குப் பெங்களூர் மில்லில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவார். தெருவில் பாதிப் பேர் தெலுங்கு, மீதிப் பேர் கன்னடம். மற்ற ஆறு நாளும் நான் வாயைத் திறந்தது சாப்பிடத்தான். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த உங்களுடையதும் தெலுங்கு வீடுதான். ஆனால் உங்களுக்குத் தமிழ் வரும்.

என் பூசணிக் கன்றுகளில் சிவப்பு வண்டு விழுந்து இலையெல்லாம் சல்லடையானபோது, கொட்டாங்கச்சியில் தண்ணீரும் சீமெண்ணெயும் கலந்து எடுத்துக்கொண்டு நீங்களாகவே வந்தீர்கள்.

"ஏம்மே, வெயில் ஏறிட்டா பறந்துடும். பனி ஈரத்துல மப்பா கெடக்கறப்பவே புடிச்சி இதுல போட்டுடணும்."

"அப்படியாக்கா?" என்று கண்ணை விரித்தேன். குடியானவர் வீட்டில் பிறந்தவள் நான். நடை பழகிய நாளிலிருந்து பூசணி வண்டு பிடித்தவள். தெரியும் என்று சொன்னால் நீங்கள் திரும்பிப் போய்விடுவீர்களே. அதனால் ஒன்றும் அறியாதவள்போல நின்றேன். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு மணி நேரம் எனக்குக் கிடைத்தது. வண்டைப் பிடித்தபடி, நான் கிண்டும் ராகிக் களி கட்டி தட்டுவதையும் உங்கள் வீட்டுக்காரரின் குறட்டையையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

காய்ப்பு ஓய்ந்ததும் கொடிகளைப் பிடுங்கி எரித்து, மண்ணைக் கொத்தி வெயில் காட்டச் சொன்னீர்கள். அதுவும் எனக்குத் தெரிந்ததுதான். எல்லாவற்றையும் பிடுங்கினேன். கிணற்றடி மூலையில் ஈரத்தில் துளிர்த்துக்கொண்டே இருந்த ஒரு கொடியை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்தேன். வண்டு அடியோடு ஒழிந்தால் அந்த ஒரு மணி நேரமும் ஒழிந்துவிடும் என்று பயம்.

வண்டுகள் என் தோட்டத்தோடு நின்றுவிடும் என்று நினைத்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். அடுத்த வருஷம் உங்கள் வெள்ளரிப் பாத்தியில் இறங்கின. நீங்கள் இரண்டு தடவை விதை ஊன்றினீர்கள். இரண்டு தடவையும் கன்று இரண்டிலை விடும்போதே போயிற்று. உங்கள் மாமியார், கைராசி கெட்டவள் என்று தெருவுக்கே கேட்கும்படி உங்களைத் திட்டினார். அந்த அளவுக்குத் தெலுங்கு எனக்கு அதற்குள் புரிந்திருந்தது. கேட்டுக்கொண்டு வாய் மூடி இருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மறுநாள் காலை நீங்கள் நேராகக் கிணற்றடி மூலைக்குப் போய், அந்தக் கொடியைப் பிடுங்கி வேரை உதறினீர்கள். மண்ணோடு வண்டுப் புழுக்கள் உதிர்ந்தன. இனி வரமாட்டீர்கள் என்று நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

"போன வருசமே பாத்தன். நீயே புடுங்கிடுவன்னு இருந்தன்" என்றீர்கள். பிறகு உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேச்சுத் தொணைக்கு ஆளு வேணும்னா கூப்புட வேண்டியதுதானே. அதுக்குப் போயி யாராச்சும் வண்டு வளப்பாங்களா?"

மாமியாரிடம் என் பெயரை நீங்கள் எடுக்கவே இல்லை. அதன்பிறகு வண்டும் அவ்வளவாக இல்லை. ஆனாலும் தினமும் வந்தீர்கள், வெறுங்கையோடு. வெட்கத்தில் நான் ஒருநாள்கூட உங்களைக் கூப்பிட்டதில்லை.

போன மார்கழியில் உங்களுக்குக் காய்ச்சல் கண்டது. வீடு நிறைய உங்கள் சொந்தக்காரர்கள். அத்தனை பேர் நடுவில் நான் யார் என்று வேலிக்கு இந்தப் பக்கமே நின்றேன். யாராவது வா என்று சொல்வார்கள் என்று நான்கு நாள் காத்திருந்தேன். ஐந்தாம் நாள் அழுகைச் சத்தம் கேட்டுத்தான் ஓடிவந்தேன்.

உங்கள் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் சொன்னார். நாலு நாளும் நீங்கள் வேலிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தீர்களாம். அந்தப் பெண்ணைக் கூப்பிடட்டுமா என்று அவர் கேட்டாராம். வேண்டாம், அவளே வருவாள் என்றீர்களாம்.

ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே என்று உங்கள்மேல் கோபப்பட்டுப் பார்க்கிறேன், அக்கா. கோபம் ஒரு நிமிஷம்கூட நிற்பதில்லை. நான் வருவேன் என்று நீங்கள் நம்பியது மட்டும் என்னோடு நிற்கிறது.