பொட்டு வைத்த செருப்பு

அம்மா,

இன்று காலை அறைக் கதவுக்குப் பின்னால் பெருக்கும்போது உன் வீட்டுச் செருப்பு துடைப்பத்தில் தட்டியது. குதிகால் பக்கம் உன் எடைக்கு அமுங்கிக் குழிந்திருக்கிறது. வாரின் மேல் நீ வைத்த குங்குமம் பழுப்பேறிவிட்டது, ஆனால் அழியவில்லை. முகர்ந்து பார்த்தேன். சிரிக்காதே. நீ தேய்க்கும் தைலத்தின் வாசம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

நீ பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை பார்த்த வருடங்களில், விடியற்காலையில் நான் கண்ணை மூடிப் படுத்தபடி உன் நடையைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கட்டிலை விட்டு இறங்கியதும் முதல் நான்கு அடி வேறு மாதிரி இருக்கும். குதிகாலை ஊன்றாமல், விரல் நுனியில், சுவரைத் தடவித் தடவி. உன் கை பட்டுப் பட்டுச் சுவரில் அந்த இடம் மட்டும் கறுத்திருந்தது. "பத்து அடி போனா சரியாயிரும்" என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்வாய். சரியாகவும் ஆகிவிடும். பிறகு நாள் முழுவதும் தேய்ந்துபோன ஜப்பான் ரப்பர் செருப்போடு சிமெண்டுத் தரையில் நின்று மீ நூடுல்ஸ் பிரட்டிவிட்டு வருவாய். சாயங்காலம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அதே நான்கு அடி.

நம் வீட்டில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். இருபது பக்கக் கட்டுரை எழுதத் தெரிந்த எனக்கு, "கால் வலிக்குதாம்மா?" என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் நீ இல்லை என்பாய். அதற்குமேல் என்ன பேசுவது என்று தெரியாது. அதனால் உன் நடையைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன், அவ்வளவுதான்.

நீ கிளினிக்குக்குப் போகச் சம்மதித்ததுகூட வலிக்காக இல்லை. நான் பட்டம் வாங்கினால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறிப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தாய். பட்டம் வந்துவிட்டது. தைப்பூசத்துக்கு நான்கு மாதம் இருந்தது. வீட்டு மாடிப்படியையே நீ பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்கிக்கொண்டிருந்தாய்.

அந்த டாக்டர் நம்ம தமிழ்ப் பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். குதிகால் எலும்பில் சின்னதாக ஒரு கூர்.

"முள்ளு!" என்றாய். "வெட்டி எடுத்துருங்க டாக்டர். தைப்பூசத்துக்குள்ள."

"வெட்டவெல்லாம் வேணாம்லா, ஆன்ட்டி. வலி அந்த முள்ளால இல்ல. குதிகால்லேர்ந்து விரல் வரைக்கும் அடியில ஒரு தடிச்ச நார் ஓடுது. நின்னு நின்னு அது புண்ணாயிருக்கு. ராத்திரி தூங்குறப்ப சுருங்கிக்கும். காலையில ஊனுனதும் சுரீர்னு இழுக்கும். இழுக்குதா?"

நீ காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாய். உன் கறுத்த சுவரை அவள் எப்படிப் பார்த்தாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, வேலைக்குப் போட்டுக்கொள்ளக் குதிகால் தடிப்பான சப்பாத்து, ஐஸ் ஒத்தடம். ஊசி உண்டு, ஆனால் இப்போது வேண்டாம். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டாள். "முக்கியமா, வீட்ல வெறுங்காலோட டைல்ஸ்ல நடக்கக்கூடாது. மெத்துனு ஒரு செருப்பு போட்டுக்குவீங்களா?"

"போட்டுக்குவேன் டாக்டர்." கோயிலில் நிற்கும் முகத்தோடு சொன்னாய்.

நம் வீட்டு வாசலைத் தாண்டி ஒரு செருப்பும் உள்ளே வந்ததில்லை. படுக்கையறையிலிருந்து அடுப்படிக்குப் போக சாமி மேடையைத் தாண்டித்தான் போகவேண்டும். நீ போடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். டாக்டர் உன் சிகிச்சை அட்டையை மூடிவிட்டாள்.

"போட மாட்டாங்க டாக்டர்," என்றேன். "பொய் சொல்றாங்க."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. நீ என்னைப் பார்த்த பார்வை இப்போதும் சுடுகிறது. டாக்டர் சிரித்துவிட்டாள். "எங்கம்மாவும் இதே கேசுதான். ஆனா ஆன்ட்டி, செருப்பு போடலன்னா மலை ஏறுறது கஷ்டம்."

பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாய். இறங்கும்போது மட்டும், "படிச்சதெல்லாம் அம்மாவக் காட்டிக் குடுக்கத்தானா?" என்றாய்.

மறுநாள் இந்தச் செருப்பை வாங்கி வந்து மேசையில் வைத்தேன். மூன்று நாள் பெட்டியைத் தொடவில்லை நீ. "சாமி இருக்கிற வீட்டுக்குள்ள செருப்பா? போடி!"

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. வேலை நேர்காணல் முடிந்து வந்தால் வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை. சாமி மேடைக்கு முன்னால் செய்தித்தாள் விரித்து அதன்மேல் செருப்பு. வாரில் சந்தனம், குங்குமம். ஒவ்வொரு செருப்புக்கு அடியிலும் ஓர் எலுமிச்சம்பழம்.

"அண்ணன் புது மோட்டார் சைக்கிள் வாங்குனப்ப பொட்டு வச்சு, டயருக்கு அடியில பழம் வச்சமா இல்லையா?" என்றாய், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி மிதித்தாய். சாறு டைல்ஸ் எல்லாம் தெறித்தது.

"ரோட் டேக்ஸ் எடுத்தாச்சாம்மா?" என்றான் அண்ணன்.

"வாய மூடுடா. இது வெளிய போகாத செருப்பு. அழுக்கு படாதது. சாமிக்குத் தெரியும்." சொல்லிவிட்டு நீயும் சிரித்தாய். என்னைப் பார்த்தும் சிரித்தாய். அந்த வாரத்தில் முதல் தடவை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் கட்டிலை விட்டு இறங்குமுன் துண்டைப் பாதத்தில் மாட்டி உன் பக்கம் இழுப்பாய். கேன்டீனுக்குச் சப்பாத்து போட்டுக்கொண்டு போனாய். சாயங்காலம் உறைந்த தண்ணீர்ப் பாட்டிலை உள்ளங்காலில் உருட்டுவாய். ஒருநாள் அண்ணன் அதை எடுத்துக் குடித்துவிட, "கால் பாட்டில், குடிக்காதே" என்று நீ ஒட்டிய காகிதம் குளிர்பெட்டிக்குள் இன்னும் இருக்கிறது. முதல் மாதம் எந்த மாற்றமும் இல்லை. நான் பயந்தேன். பிறகு ஒருநாள் விடியலில் படுத்தபடி கேட்டேன். சுவரைத் தடவும் சத்தம் இல்லை. செருப்பின் சத்தம் மட்டும், நேராக அடுப்படி வரை.

தைப்பூசத்தன்று மலையடிவாரம் வரை சப்பாத்து. படிக்கட்டு மட்டும் வெறுங்கால். நீ பால்குடத்தோடு முன்னால் ஏற, உன் சப்பாத்தைப் பையில் போட்டு நான் பின்னால் ஏறினேன். உச்சியில் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாய்: "அந்த டாக்டர்கிட்ட சொல்லு, ஏறிட்டேன்னு. இது பொய் இல்லன்னும் சொல்லு."

அடுத்த தைப்பூசத்துக்கு நீ இல்லை. உன்னைக் கொண்டுபோனது கால் அல்ல, நெஞ்சு. அதை எந்தச் சுவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. காரியம் முடிந்து வீடு கழுவியபோது பெரியம்மா இந்தச் செருப்பைக் குப்பைப் பையில் போட்டார். அவரிடம் ஒன்றும் சொல்லாமல் எடுத்து வைத்துக்கொண்டேன்.

நேற்று அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்யும் அக்கா, டீ குடித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தார். முதல் நான்கு அடி விரல் நுனியில். கை சுவரைத் தேடியது. நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு மாதமாக அவரிடம் காலை வணக்கம் தவிர எதுவும் பேசியதில்லை. அவர் வாளியைத் தூக்கிவிட்டார், கதவுவரை போய்விட்டார்.

"அக்கா, காலையில எந்திரிச்சதும் மொத அடிதான் ரொம்ப வலிக்குதா?"

திரும்பிப் பார்த்தார். "ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

துண்டைச் சொன்னேன், பாட்டிலைச் சொன்னேன், கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். வீட்டுக்குள் மெத்தென்று ஒரு செருப்பு போட்டுக்கொள்ளவும் சொன்னேன்.

அவர் கையை உதறினார். "வீட்ல சாமி இருக்கும்மா. உள்ளுக்குச் செருப்பா? போம்மா நீ!"

"வீட்ல எலுமிச்சம்பழம் இருக்கா, அக்கா?" என்று கேட்டேன்.