வயிற்றுக்கு ஒன்றும் செய்யாத மாத்திரை

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள்ளுங்கள். சாயங்காலம் குழாய் ரிப்பேர்காரர் வருவார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். உங்களைக் கூப்பிட்டுப் பார்த்தேன், மீட்டிங்கில் இருந்தீர்கள் போல. வெளிக்குக் கறுப்பாகப் போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது. டாக்டரம்மாவிடம் போனில் சொன்னேன்.

"முட்டி வலிக்கு என்ன சாப்பிடறீங்க?" என்றார். உங்கள் கம்பெனி மாத்திரை பெயரைச் சொன்னேன்.

"அதை நிறுத்திட்டு உடனே கிளம்பி வாங்க. வயித்துல ரத்தம் கசியுதோன்னு பயமா இருக்கு."

"வயித்துக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு என் வீட்டுக்காரர் சொன்னாரே?"

"அது கம்பெனி சொல்றதும்மா."

நீங்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. கம்பெனியில் சொல்லிக்கொடுத்ததை நம்பித்தான் எனக்கும் கொடுத்தீர்கள். ஆனால் நேற்று வயிறு எரிகிறது என்றபோது, டாக்டர்களிடம் மருந்து விற்கப் பேசுவீர்களே, அந்தக் குரலில் என்னிடம் பேசினீர்கள். வீட்டில் யாருமே இல்லாத மாதிரி இருந்தது.

வண்டி வந்துவிட்டது.

மறந்துவிட்டேன்: உங்கள் அக்காவுக்கும் அதே மாத்திரைதானே கொடுத்தீர்கள்? ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர். இதயத்துக்கும் அது ஆகாதாம். நான் சொன்னால் கேட்கமாட்டார், தம்பி சொன்னால்தான் எடுபடும். முதலில் அவரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு என்னிடம் வாருங்கள்.

கூட யார் வந்திருக்கிறார்கள் என்று அங்கே கேட்பார்கள். வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லி வைக்கிறேன்.